டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி இதயத்துக்காக நடந்தது இப்படித்தான்

26 வருடம் பஸ் ஓட்டினேன். மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிக்குப் போகிற தடம். கிளட்ச், பிரேக் மிதிக்கிறோம், கால் வேலை செய்கிறது. ஸ்டியரிங் பிடிக்கிறோம், கை வேலை செய்கிறது. இதற்கு மேல் தனியாக என்ன உடற்பயிற்சி என்று நினைத்திருந்தவன் நான். 2017 அக்டோபரில், 53 வயதில், மாரடைப்பு வந்தது. இதயத்தின் முன்பக்கம் இறங்கும் முக்கிய ரத்தக்குழாயில் 90 சதவீதம் அடைப்பு. அடைப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் என்ற கம்பி வலைக் குழாய் ஒன்றை வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நடக்க ஆரம்பித்தேன். எட்டு வருடமாகிறது. மதுரை மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பவர்களில் என்னைக் காலை ஐந்தரைக்குப் பார்க்கலாம். புதிதாக நடக்க வருகிறவர்கள், அதிலும் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு பயந்து பயந்து வருகிறவர்கள், என்னிடம் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறார்கள். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எப்போது நிறுத்த வேண்டும். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் மகள் செவிலியர். மருத்துவ விஷயங்கள் அவள் சொல்லியும், எனக்கு நடைப்பயிற்சி கற்றுக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட் பெண் சொல்லியும் தெரிந்துகொண்டவை.

முதலில் அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடப்பதற்கு முன்னால் இது தெரிந்திருக்க வேண்டும். ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போதே நெஞ்சின் நடுவில் ஒரு அழுத்தம். வலி என்று சொல்ல முடியாது, யாரோ உள்ளங்கையை வைத்து அமுக்குவது போல. முதல் நாள் ராத்திரி புரோட்டா சாப்பிட்டிருந்தேன். வாயுதான் என்று நானே முடிவு செய்து, ஆண்டிபட்டியில் இறங்கி ஒரு கோலி சோடா குடித்தேன். ஏப்பம் வந்தது, அழுத்தம் போகவில்லை. தாடைக்கு ஏறியது. கண்டக்டர்தான் கவனித்தார். “என்னண்ணே, இந்தக் காத்துல இப்படி வேர்த்து ஊத்துது?” என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வண்டிய எடுக்காதீங்க, அப்படியே உக்காருங்க” என்று சொல்லி 108க்கு போன் போட்டார். பின்னால் அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கணவாய் வளைவில் எனக்குக் கண் இருட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் சில ராத்திரி தூக்கம் கலைந்து யோசிப்பேன்.

அதனால் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் இறுக்கமோ பாரமோ, அது தோள், இடது கை, முதுகு, தாடைக்குப் பரவுவது, குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத மூச்சிரைப்பு, இவற்றில் எது வந்தாலும் சோடா தேடாதீர்கள், ஓமத் தண்ணீர் கேட்காதீர்கள். நடந்துகொண்டிருந்தால் நின்றுவிடுங்கள், உட்காருங்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை டாக்டர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால் உட்கார்ந்தபடியே வையுங்கள், நின்றுகொண்டு வைத்தால் தலைசுற்றி விழ வாய்ப்புண்டு. ஐந்து நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் 108. மாத்திரை இல்லாதவர்கள் அந்த ஐந்து நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் அசதியாகவோ குமட்டலாகவோ மூச்சுத் திணறலாகவோ மாரடைப்பு வருவதுண்டு. என் மனைவிக்குச் சர்க்கரை இருக்கிறது. இந்த விஷயத்தை அவளிடம் பத்து முறையாவது சொல்லியிருப்பேன்.

கண்டக்டருக்கு ஏன் வரவில்லை?

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது இந்தக் கேள்விதான் என்னைக் குடைந்தது. அந்தக் கண்டக்டருக்கும் எனக்கும் ஒரே வயது. ஒரே கடையில் டீ, ஒரே மெஸ்ஸில் சாப்பாடு, ஒரே நேரத்தில் டூட்டி. அவர் பீடிகூடக் குடிப்பார், நான் குடித்ததில்லை. மகளிடம் புலம்பினேன். அவள்தான் லண்டன் பஸ் ஆராய்ச்சியைச் சொன்னாள்.

ஜெரி மாரிஸ் என்று ஒரு மருத்துவர். லண்டனில் ஓடிய இரண்டு மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும், கூடவே டிராம், ரயில் ஊழியர்களையும் சேர்த்துச் சுமார் 31,000 பேரை அவரும் கூட்டாளிகளும் ஆராய்ந்து, 1953இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் டிக்கெட் போட மாடிக்கும் கீழுக்குமாக ஒரு நாளைக்கு ஐந்நூறு அறுநூறு படி ஏறி இறங்குகிறார். டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்திருந்தது. வந்தாலும் அதில் உடனே இறந்துபோனவர்கள் குறைவு. டிரைவர்களின் உடம்பு முதலிலேயே பருமனாக இருந்திருக்கலாமே என்று ஒரு சந்தேகம் வந்ததால், மாரிஸ் பிறகு அவர்களுடைய சீருடைக் கால்சட்டையின் இடுப்பளவுக் கணக்கையும் எடுத்துப் பார்த்தார். டிரைவர்களுக்கு இடுப்பு பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே இடுப்பளவு உள்ளவர்களை எடுத்துக்கொண்டாலும் கண்டக்டருக்குத்தான் ஆபத்து குறைவு. இதைக் கேட்டதும் தையல்காரர் என் காக்கி பேன்ட்டை வருடா வருடம் பிரித்துத் தைத்துக் கொடுத்தது ஞாபகம் வந்தது. எங்கள் பஸ்ஸில் மாடி இல்லை. ஆனால் உசிலம்பட்டிச் சந்தை நாளில், நிற்கிற கூட்டத்துக்குள் முன்படியிலிருந்து பின்படி வரைக்கும் அவர் எத்தனை முறை போய் வந்திருப்பார்!

நடந்தால் உள்ளே என்ன நடக்கிறது

இது தெரிந்தால்தான் நம்பிக்கையோடு நடக்க முடியும். சும்மா இருக்கும்போது இதயம் ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லி ரத்தத்தைத் தள்ளுகிறது, நிமிடத்துக்கு ஐந்து லிட்டர். தினமும் நடக்கிற உடம்பில் இதயத்தசை பலப்பட்டு, ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் கூடுகிறது. அதே ஐந்து லிட்டரைக் குறைந்த துடிப்பிலேயே தள்ளிவிடும். நிமிடத்துக்குப் பத்து துடிப்பு குறைந்தால் ஒரு நாளைக்கு 14,400 துடிப்பு மிச்சம். எனக்கு ஆறாவது வாரத்தில் காலைத் துடிப்பு 76 இருந்தது. ஒரு வருடம் கழித்து 66. இடையில் மாத்திரை அளவு மாறவில்லை.

ரத்தக்குழாயின் உட்சுவருக்கும் பலன் உண்டு. ரத்தம் வேகமாக உரசி ஓடும்போது அந்தச் சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கிறது, குழாய் இளகி விரிகிறது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் விடாமல் நடந்தால் மேல் அளவு 5 முதல் 8 வரை இறங்கும். தசைகள் சர்க்கரையை நன்றாக இழுத்துக்கொள்ளும். டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு குறையும், நல்ல கொழுப்பு கொஞ்சம் ஏறும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், தெப்பக்குளத்தில் தப்பாகப் பேசிக்கொள்கிறார்கள். இருக்கிற அடைப்பை நடை கழுவிக்கொண்டு போய்விடாது. “நான் தெனம் அஞ்சு கிலோமீட்டர் நடக்கிறேன், மாத்திரைய நிப்பாட்டிட்டேன்” என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். கெஞ்சிக் கூத்தாடி அவரை டாக்டரிடம் அனுப்பி வைத்தேன். ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரல் மாத்திரைகளைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளும், உயிர் போகும். நடையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்.

படுத்தே கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். 30 வருடம் கழித்து அதே ஐந்து பேரைத் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். அந்த 30 வருட முதுமை கெடுத்ததைவிட, இளம் வயதில் மூன்று வாரப் படுக்கை அவர்களுடைய உழைக்கும் திறனை அதிகமாகக் கெடுத்திருந்தது. அப்புறம் ஆறு மாதம் நடை, மெதுவோட்டம், சைக்கிள் என்று பழக்கியதில், வயதால் போனதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அப்போது அவர்களுக்கு 50 வயது. வீட்டுக்கு வந்ததும் “அசையாமப் படுங்க” என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். இந்தக் கதையைத்தான் மகள் அவர்களுக்குப் பதிலாகச் சொன்னாள்.

தொடங்குவது

ஸ்டென்ட், பைபாஸ், கட்டுக்குள் வராத ரத்தக் கொதிப்பு, பல வருடச் சர்க்கரை, அடிக்கடி தலைசுற்றல் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு நெஞ்செலும்பு கூட இரண்டு மூன்று மாதமாகும், அதுவரை கனம் தூக்கக் கூடாது. மற்றவர்கள் சாதாரண நடையைத் தாராளமாகத் தொடங்கலாம்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த வரிசை இது. வீட்டுக்கு வந்த முதல் வாரம், வீட்டுக்குள்ளேயே ஹாலிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து வாசல். ஐந்து நிமிடம், காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அவ்வளவுதான். இரண்டாவது வாரம் தெருவில் பத்து நிமிடம். பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினேன். ஆறாவது வாரம் ஒரே மூச்சில் அரை மணி நேரம். தெப்பக்குளத்துக்கு முதன்முதலில் போன நாளில் முழுச் சுற்று வர முடியவில்லை. தியாகராசர் கல்லூரிப் பக்கம் தொடங்கி, மாரியம்மன் கோயில் வரைக்கும் போய்ச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். மைய மண்டபத்தைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் மூச்சு வாங்கினேன். மதுரையிலிருந்து போடிக்கு 90 கிலோமீட்டர் போவதும் வருவதும் எனக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை, இந்தக் குளத்தை ஒரு சுற்று சுற்ற முடியவில்லையே என்று தொண்டை அடைத்தது. ஒரு சுற்று ஏறக்குறைய ஒன்றேகால் கிலோமீட்டர் இருக்கும். அதை நிற்காமல் முடிக்க எனக்கு மேலும் இரண்டு வாரம் ஆனது. இப்போது மூன்று சுற்று.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி. ஓட்டம் போன்ற கடினமான பயிற்சி என்றால் 75 முதல் 150 நிமிடம் போதும். தினம் அரை மணி, வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால் 150 வந்துவிடும். ஒரே தடவையில் நடக்க முடியாதவர்கள் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். பத்தாயிரம் காலடி நடந்தே ஆக வேண்டும் என்று போனைப் பார்த்துப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். அந்தப் பத்தாயிரம் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்த எண். மருத்துவர்கள் அளந்து சொன்னதல்ல.

எவ்வளவு வேகம்

வேகத்தைத்தான் எல்லோரும் தப்பாகப் பிடிக்கிறார்கள். சிலர் கல்யாண வீட்டில் உலாத்துவது போல நடக்கிறார்கள். சிலர் முதல் நாளே முந்திக்கொண்டு ஓடுகிறார்கள். நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. இதுதான் சரியான வேகம். முழு வரி பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் எட்டிப் போடுங்கள். இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினால் குறையுங்கள். எண்ணிப் பார்க்க விரும்பினால் 15 விநாடிக்கு 25 காலடி, நிமிடத்துக்கு நூறு காலடி.

நாடித் துடிப்பை வைத்தும் பார்க்கலாம். கையைத் திருப்பி உள்ளங்கையை மேலே வையுங்கள். கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டில் விரல் பதிகிற ஒரு பள்ளம் இருக்கும். மற்றக் கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அதில் லேசாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதற்கே ஒரு துடிப்பு உண்டு, கணக்கு குழம்பும். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். எனக்கு வலது மணிக்கட்டு வழியாகத்தான் ஸ்டென்ட் வைத்தார்கள். அந்தப் பக்கம் துடிப்பு மெலிசாகத்தான் கிடைக்கும், அதனால் இடது கையில் பார்க்கிறேன். காலையில் கட்டிலை விட்டு எழுவதற்கு முன்பே பார்த்து, காலண்டர் தாளில் எழுதி வைத்துவிடுவேன். துடிப்பு தாளம் தப்பித் தப்பி வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

220இலிருந்து உங்கள் வயதைக் கழித்தால் இதயத்தின் உச்சத் துடிப்பு தோராயமாகக் கிடைக்கும். 50 வயதுக்காரருக்கு 170. அதில் பாதியிலிருந்து 70 சதவீதம் வரை, அதாவது 85இலிருந்து 119 வரை மிதமான பயிற்சி. ஆனால் மெட்டோபிரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைத்திருக்கும். அவர்கள் பேச்சு-பாட்டுக் கணக்கை நம்புவதே நல்லது. நானும் அப்படித்தான்.

எடுத்த எடுப்பில் வேகம் வேண்டாம். மலையேறும் வண்டியை முதல் கியரில் எடுப்பது போல முதல் ஐந்து நிமிடம் மெதுவாக. முடிக்கும்போதும் ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து அடங்குங்கள். சட்டென்று நின்றால் கால்களில் ரத்தம் தேங்கித் தலைசுற்றும். ஒரு தடவை சுற்று முடிந்ததும் தெரிந்தவரைப் பார்த்து நின்றுவிட்டேன், கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது.

வாரம் முழுக்க ஏசி அறையில் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஷட்டில் ஆடும் நாற்பத்தைந்து வயதுக்காரர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பழக்கமில்லாத உடம்பு திடீரென்று கடுமையாக உழைக்கும்போது மாரடைப்பு ஆபத்து கூடும். அதே உடம்பு தினமும் பழகியிருந்தால் அந்த ஆபத்து பெருமளவு குறையும். ஷட்டில் ஆடுங்கள், நல்லதுதான், அதற்கு முன்னால் ஒரு இரண்டு மாதம் நடந்து பழகுங்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள்

மதுரை வெயிலில் மாசி தொடங்கினால் எட்டு மணிக்கு மேல் நடக்காதீர்கள். சாப்பிட்டவுடன் வேகநடை வேண்டாம், வயிறு நிறையச் சாப்பிட்டால் ஒன்றரை மணி நேரமாவது ஆகட்டும். வெறும் உலாத்தல் செய்யலாம், சர்க்கரைக்கு அது நல்லது. இன்சுலின் போடுகிறவர்கள் பையில் நாலு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். காய்ச்சல் நாளில் நடக்கக் கூடாது. செருப்போடு நடந்து குதிகால் வலி வாங்கியவன் நான். ஷூ விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, குதிகாலைப் பிடித்துக்கொண்டு, முன்னால் விரல் அசைய இடமிருந்தால் போதும்.

நடையோடு வாரத்துக்கு இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுக்க வேண்டும். ஜிம்முக்கெல்லாம் நான் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக மறுபடி உட்காருவது பத்து முறை. சுவரில் கை வைத்துச் சாய்ந்து தள்ளுவது பத்து முறை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரண்டு கையிலும் பிடித்துத் தூக்கி இறக்குவது. எதைச் செய்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்காதீர்கள், ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். எழும்போது மூச்சை விடுங்கள், உட்காரும்போது இழுங்கள்.

ஆறாவது வாரம் டாக்டரம்மா டிரெட்மில் சோதனைக்கு அனுப்பினார். நெஞ்சில் கம்பிகளை ஒட்டி, ஓடும் பட்டையில் நடக்கவிட்டு, மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டுவார்கள். முதல் தடவை ஆறு நிமிடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஒரு வருடம் கழித்து அதே இயந்திரத்தில் ஒன்பது நிமிடம். டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, “என்ன செஞ்சீங்க?” என்று கேட்டார். “தெப்பக்குளம் சுத்துனேம்மா” என்றேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லும்போது அழுதுவிட்டேன்.

இன்னும் டூட்டியில் இருக்கிற டிரைவர்களுக்கு

எங்களுக்கு நேரமே கிடையாது என்பீர்கள். எனக்குத் தெரியும். ராத்திரி டூட்டி முடித்து வந்தவனை ஐந்தரைக்கு எழுந்து நடக்கச் சொல்ல மாட்டேன், தூக்கமும் இதயத்துக்கு வேண்டும். ஆனால் ஒவ்வொரு சிங்கிளுக்கும், அதாவது ஒரு வழி ஓட்டத்துக்கும், முடிவில் பதினைந்து நிமிடமாவது வண்டி நிற்கிறது. அந்த நேரத்தில் சீட்டிலேயே சாய்ந்து போன் பார்க்காமல் இறங்குங்கள். டைம் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டின் வெளிச்சுற்றில் எட்டு நிமிடம் எட்டி நடங்கள், பிறகு இரண்டு நிமிடம் மெதுவாக. நாலு சிங்கிளுக்கு நாற்பது நிமிடம் ஆகிறது. டீ அதற்குப் பிறகு, நின்றுகொண்டே குடிக்கலாம். தேனி ஸ்டாண்டில் அப்படி நடக்கிற இளவட்ட டிரைவர்கள் இரண்டு பேரைப் போன மாதம் பார்த்தேன். என்னோடு ஓடிய அந்தக் கண்டக்டர்தான் அவர்களை இறக்கிவிட்டாராம். ஓய்வு பெற்ற பிறகும் சாயங்காலம் ஸ்டாண்டுக்கு வந்து, வண்டி வந்து நின்றதும் டிரைவர் பக்கக் கதவைத் தட்டுகிறார்.